சூத்திரமும் ஜீவனும்

கோளத்தின் பரப்புக்கும் கன அளவுக்கும் உரிய சூத்திரங்களை மனப்பாடம் செய்விக்கும் நம் பள்ளிகள், அவையே ஜீவராசிகளின் உருவத்தை நிர்ணயிக்கின்றன என்பதைக் கணித வகுப்பில் சொல்லாமல் விடுவது பெருங்குறை. ஓர் உயிரணுவின் குறுக்களவு இருமடங்கானால் மேற்பரப்பு நான்கு மடங்கும் கன அளவு எட்டு மடங்கும் பெருகுவதால், பிராணவாயுவும் ஆகாரமும் நுழையும் வாயில் உள்ளிருக்கும் பசிக்கு ஈடுகொடுக்க மாட்டாமல், அதன் நடுப்பகுதி பட்டினி கிடக்க நேரிடும். யானையும் இதனாலேயே எண்ணற்ற சிற்றணுக்களின் சமூகமாயிற்று. கரீபியக் கடலின் குவாதலூப் தீவில், அலையாத்திச் சதுப்பில் கிடைத்து 2022-ல் விவரிக்கப்பட்ட தயோமார்கரிட்டா மேக்னிபிகா என்னும் பாக்டீரியா, வெறுங்கண்ணுக்கே புலப்படும்படி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதும் இந்நியதிக்கு விரோதமன்று. நூலாக மெலிந்து, நடுவில் பெரியதொரு நீர்ப்பையை வைத்துக்கொண்டு, ஜீவத்தொழிலை விளிம்பிலேயே நடத்தும் அதன் சாமர்த்தியத்தை என்னென்பது! கணித ஆசிரியரும் உயிரியல் ஆசிரியரும் ஒரே வகுப்பில் நின்று இதைக் கற்பித்தால் என்ன?