பேசியவர்கள் பட்டியலில் இல்லாதவர்கள்

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் பக்கத்தில் நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலின் சீரமைப்பு பற்றி வந்த செய்திகளை இந்த வாரம் மொத்தமாக எடுத்து வைத்துப் படித்தேன். கோபம்தான் மிஞ்சியது. எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. 1882-இல் ஊர்ப் பெரியவர்கள் பச்சையப்பன் மண்டபத்தில் கூடி, பட்டணத்துக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று பணம் திரட்டத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அடிக்கல். சிஷோம் வரைந்தார், நம்பெருமாள் செட்டி கட்டினார். அரசியின் பொன்விழாவை ஒட்டிப் பெயர் வைத்தார்கள். 1897-இல் விவேகானந்தர் பேசினார். அதற்குப் பிறகு, அங்கே வந்து பேசிய தலைவர்களின் பட்டியல்.

ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போனவர்கள் அத்தனை பேருக்கும் இடம் இருக்கிறது. பல பத்தாண்டுகள் அதே மேடையில் வேஷம் கட்டியவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் அடுத்து எந்தப் புத்தகத்தை எடுப்பேன் என்று தெரிந்திருக்கும். பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’. ஆறு பாகம். சென்னையைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களில் இதற்கு ஈடாக நான் எதையும் வைக்க மாட்டேன்.

1891-இல் பல்லாரி வக்கீல் கிருஷ்ணமாச்சார்லு தன் குழுவோடு வந்து பட்டணத்தில் தெலுங்கு நாடகம் போட்டார். பார்த்தவர்களில் ஒருவர் பதினெட்டு வயது சம்பந்தம். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு இளக்காரம். விடிய விடிய நடக்கும், பேச்சைவிடப் பாட்டு அதிகம், நடிப்பவனுக்குக் கூத்தாடி என்று பெயர். இங்கேயோ வக்கீல்களும் படித்தவர்களும் கூச்சமில்லாமல் மேடை ஏறுகிறார்கள்! நாமும் செய்யலாமே என்று தோன்றிவிட்டது. அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி, நண்பர்கள் சிலர் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள்.

அந்தச் சபைக்கு வீடாக இருந்ததுதான் விக்டோரியா ஹால். 1936-இல் மவுண்ட் ரோட்டில் சொந்த இடத்துக்குப் போகும்வரை அதன் நாடக வாழ்க்கையில் பெரும்பகுதி இங்கேதான் கழிந்தது. ‘மனோகரா’வை 1954-இல் வந்த சினிமாவாகத்தான் நம்மில் பலருக்குத் தெரியும், சபைக்காரர்கள் அதை 1895-லேயே நடித்துவிட்டார்கள். பின்னாளில் அதே நாடகத்தில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி நடித்தார். ஹாம்லெட் ‘அமலாதித்த’னாகவும், மாக்பெத் ‘மகபதி’யாகவும் தமிழ் பேசினார்கள். தெலுங்கு நாடகமும் உண்டு, கன்னடமும் உண்டு. பகலில் கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போனவர்கள், சாயங்காலம் ஒத்திகைக்கு வந்தார்கள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. பம்மல் 1924-இல் ஸ்மால் காஸ் கோர்ட் ஜட்ஜ் ஆனார்; அதற்காக நாடகத்தை விட்டுவிடவில்லை.

புத்தகத்தில் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துபவர் ரங்கவடிவேலு. அவரும் வக்கீல். பெண்கள் சபை மேடைக்கு வராத காலம்; ஆண்டுக்கணக்கில் பம்மலுக்கு ஜோடியாகக் கதாநாயகி வேஷம் போட்டவர் அவர்தான். அவரைப் பற்றி வரும் இடங்களில் பம்மலின் எழுத்தே மாறிவிடுகிறது. வரவு செலவு, ஒத்திகைச் சண்டை, யார் எந்தப் பாத்திரத்துக்கு ஆசைப்பட்டார் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறவர், இந்த நண்பர் இறந்ததைச் சொல்லும்போது தடுமாறுகிறார். ஜட்ஜாக இருந்த ஒரு மனிதர் தன் மேடைத் தோழனுக்காக இப்படி வெளிப்படையாக அழுது எழுதியிருப்பதை நான் தமிழில் வேறு எங்கும் படித்ததில்லை.

ரங்கவடிவேலு என்ற பெயர் நான் படித்த செய்திகளில் ஒன்றில்கூட இல்லை. பம்மலையே இரண்டில்தான் பார்த்தேன், அதுவும் போகிற போக்கில்.

கட்டடத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்கு நன்றி. அந்தச் செங்கல்லும் கோபுரமும் எனக்கும் வேண்டும். ஆனால் மண்டபத்துக்குள் சரித்திரம் சொல்லும் பலகை ஒன்று வைப்பதாக இருந்தால், அதில் சுகுண விலாச சபையின் நடிகர்கள் பெயர் இருக்க வேண்டும், பெண் வேஷம் போட்டவர்களையும் சேர்த்து. கூடவே இன்னொன்று. இன்றும் ஆபீஸ் முடிந்து ஒத்திகைக்கு ஓடுகிற சிறிய குழுக்கள் இந்த ஊரில் இருக்கின்றன. மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது, அவர்களால் கொடுக்க முடிகிற வாடகைக்கு, அந்த மேடையை அவர்களுக்கு விட வேண்டும்.