செலவிடாத பணமும் வெட்டிய பெயர்களும்

சர்வதேச நாணய நிதியத்துடன் ஒப்புக்கொண்ட எண் இலக்குகளில், 2024 டிசம்பர் முடிவில் இலங்கை எட்டாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: சமூகநலச் செலவுக்கென்று வகுத்த குறைந்தபட்சத் தொகை. மற்ற இலக்குகளிலெல்லாம் அரசு தேறிவிட்டது. ஏழைகளுக்கு இவ்வளவாவது கொடுங்கள் என்ற இடத்தில்தான் கை சுருங்கியிருக்கிறது. நாணய நிதியத்தை ஏழைகளின் தோழன் என்று யாரும் சொன்னதில்லை. அது போட்ட கோட்டுக்கும் கீழே போய்விட்டு, மன்னாரின் பேசாலைக்கோ சிலாவத்துறைக்கோ வந்து "காசில்லை" என்று சொல்ல எவருக்கும் வாய் வரக்கூடாது.

சமுர்த்திக்குப் பதிலாக 2023 ஜூலையில் 'அஸ்வெசும' நலன்புரித் திட்டம் வந்தது. பயனாளிகள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டார்கள். மிக வறியவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய், வறியவர்களுக்கு 8,500, பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு 5,000, இடைநிலையினருக்கு 2,500. கடைசி இரு வகையினருக்கும் ஆரம்பத்திலேயே முடிவுத் தேதி குறிக்கப்பட்டிருந்தது. கூச்சல் எழ எழ அது நீட்டப்பட்டது. அந்த நாளுக்குள் அவர்களுடைய வறுமை தீர்ந்துவிடும் என்று எந்தச் சோதிடர் கணித்தாரோ! பெயர்ப்பட்டியல் வெளியானதும் நாடெங்கும் பிரதேச செயலகங்களின் முன்னால் மக்கள் திரண்டார்கள். ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. இத்தனை பேர் பொய் சொல்கிறார்கள் என்று அரசு கருதுமானால், அதை வெளிப்படையாகவே சொல்லட்டும்.

தெரிவுக்கான அளவுகோல்கள் 22. வீட்டின் நிலை, சொத்து, வாகனம், மின்பாவனை என்று அவை நீள்கின்றன. மன்னாரில் இந்தக் கேள்விகள் எப்படித் தடம் புரள்கின்றன என்று பாருங்கள். போருக்குப் பிறகு இங்கே பல குடும்பங்களுக்குக் கல்வீடு கிடைத்தது இந்திய வீட்டுத்திட்டத்தால். வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் உதவி. மேற்கொண்டு கடன்பட்டுத்தான் பலர் கூரை போட்டார்கள். அந்தச் சுவரைப் பார்த்து வசதி என்று புள்ளியிட்டால், பிறர் கொடுத்த உதவியே ஏழையின் பெயரை வெட்டும் கத்தியாகிறது. பேருந்து எட்டிப்பார்க்காத ஊரில் மீன் பெட்டி கட்டிப்போகும் பழைய மோட்டார் சைக்கிளுக்கும் இதே கதிதான்.

கடற்றொழிலாளியின் வருமானத்துக்கு மாதக் கணக்கு கிடையாது. கச்சான் பெயர்ந்தால் ஒரு கரை முடங்கும், வாடை வந்தால் மறுகரை. மீன் பட்ட வாரத்தில் கணக்கெடுக்க வந்தவர் ஒன்று எழுதுவார். அடுத்த மாதம் வந்திருந்தால் வேறொன்று எழுதியிருப்பார். 2022 ஓகஸ்டில் படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே பாய்ச்சலில் 340 ரூபாய்க்கு ஏறியது. வாரத்தில் மூன்று நாள் இந்திய இழுவைப்படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. படகும் எஞ்சினும் காகிதத்தில் சொத்து. சம்மாட்டியிடமோ லீசிங் கம்பனியிடமோ பட்ட கடன் எந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது? வலையிலிருந்து நண்டு கழற்றும் பெண்ணின் நாட்கூலிக்குச் சீட்டு யார் கொடுக்கிறார்கள்? 1990இல் விரட்டப்பட்டு, புத்தளத்தில் ஒரு காலும் முசலியில் ஒரு காலுமாக வாழும் முஸ்லிம் குடும்பங்கள் எந்தக் கிராம அலுவலரின் வாசலில் நிற்பது?

2025இல் தொகை கூட்டப்பட்டது உண்மை. மிக வறிய குடும்பத்துக்கான உச்சவரம்பு இப்போது 17,500 ரூபாய். ஆனால் தொகைமதிப்புத் திணைக்களத்தின் வறுமைக்கோடு 2024 தொடக்கத்திலேயே தனியொருவருக்கு மாதம் 16,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒருவர் சீவிக்கத் தேவையான காசைக் குடும்பம் முழுவதுக்கும் பங்கிடச் சொல்வதற்குப் பெயர் தாராளமா?

அன்று எதிரணியில் இருந்து இந்தத் திட்டத்தைக் குறை சொன்னவர்கள் இன்று ஆட்சியில் இருக்கிறார்கள். பட்டியலைத் திருத்தும் அதிகாரமும் அவர்கள் கையில்தான். மன்னாரை உள்ளடக்கிய வன்னித் தேர்தல் மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், சபையில் ஒரு நாள் பேசிவிட்டு ஓய்ந்துவிட முடியாது. வரலாற்றை நினைத்துப் பாருங்கள்: 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கிய பிரதமர் டட்லி சேனநாயக்கவுக்கு, ஓகஸ்ட் ஹர்த்தாலுக்குப் பின் பதவி விலக நேர்ந்தது. அன்று எதிர்க்கட்சிகள் அறிக்கையோடு நிற்கவில்லை, தெருவுக்கு வந்தன.

அஸ்வெசுமவை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபை உடனே செய்யவேண்டியது இது. மன்னாரின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளிலும் நிராகரிக்கப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். மேன்முறையீட்டை மேசையில் வைத்துத் தள்ளாமல் கரைக்கு வந்து விசாரிக்க வேண்டும். உதவியாகக் கிடைத்த வீட்டையும் கடனில் ஓடும் எஞ்சினையும் செல்வமாக எண்ணுவதை நிறுத்த வேண்டும். தவறாக வெட்டப்பட்டவர்களுக்கு, வெட்டிய மாதத்திலிருந்து நிலுவை வழங்க வேண்டும். பணம் எங்கே என்று நிதியமைச்சு கேட்குமானால், 2024இல் செலவிடாமல் விட்ட தொகையிலிருந்து தொடங்கட்டும்.