ஐம்பது வயதில் ஒரு தேவாலயத்துக்கு

வெஸ்லியிலும் கார்மேல் பாத்திமாவிலும் படித்து முன்னேறிய எங்களூர் முஸ்லிம்கள் எத்தனையோ பேர். மிஷன் பாடசாலைகளின் அருமையைப் பற்றி மேடைகளில் நாம் குறைவின்றிப் பேசியுமிருக்கிறோம். அப்படியிருந்தும், கல்முனையில் வளர்ந்த நான் ஒரு ஞாயிறு ஆராதனையில் முதன்முதலாக அமர்ந்தது 2019 டிசம்பரில்தான். அப்போது எனக்கு ஐம்பது வயது.

அதற்கு முன் போகாமலில்லை. 2004 சுனாமிக்குப் பின், நிவாரணம் பற்றி எழுதுவதற்காகத் தேவாலய வளவுகளில் நின்று குறிப்பெடுத்திருக்கிறேன். உள்ளே வரச் சொன்னார்கள். நான்தான் போகவில்லை.

இம்முறை வாசலில் ஒரு படைவீரர் நின்றார். பெயரைக் கேட்டார், சொன்னேன். பையைத் திறக்கச் சொன்னார், திறந்தேன். முப்பதாண்டு காலப் பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ சோதனைச் சாவடிகளைக் கண்டவனுக்கு அன்று முகம் சுருங்கியது. அருகில் நின்ற வயோதிப அம்மையார் என் பெயரைத் தெளிவாகவே கேட்டிருந்தார். "வெயிலுக்குள்ள நிக்காம உள்ள வந்து இருங்க தம்பி" என்று அழைத்துப் போய், தமது வாங்கிலேயே இடம் தந்தார்.

அந்த அழைப்பின் பெறுமதியை அறிய எட்டு மாதம் பின்னோக்கிப் போக வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் வடக்கே, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கும் ஓர் அந்நியன் பையோடு வந்தான். படமெடுக்க வந்ததாகச் சொன்னான். ரமேஷ் ராஜு என்ற சபை அங்கத்தவர் சந்தேகித்து அவனை உள்ளே விடாமல் வெளியேற்ற, வளவிலேயே குண்டு வெடித்தது. ரமேஷும் மாண்டார்; சிறுவர்கள் பலரும் மாண்டனர். அன்று நாடெங்கும் பலியானோர் 260க்கும் மேல். வந்தவன் சுமந்ததும் ஒரு முஸ்லிம் பெயரையே. இதையெல்லாம் அறிந்த ஒருவர்தான் என்னை உள்ளே வந்து இருக்கச் சொன்னார்.

நம் தரப்பில் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். குண்டுதாரிகளின் சடலங்களை ஏற்பதில்லை என அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் வெடித்த அந்த வீட்டைப் பற்றித் தகவல் தந்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. இதை எவரும் மறைக்கக் கூடாது. ஆனால் நமது கண்டன அறிக்கைகள் கொழும்புக்குப் போன வேகத்தில் அடுத்த தெருவுக்குப் போகவில்லை. குண்டு வெடித்த அந்த ஆண்டில் எத்தனை பேர் அயலிலுள்ள கிறிஸ்தவ வீட்டுக் கதவைத் தட்டினோம்? நானே டிசம்பர் வரை தாமதித்தவன்.

'இது கூடுமா?' என்று நண்பரொருவர் கேட்டார். நான் ஆலிம் அல்லன். அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை அறிவேன். வணங்கப் போகவில்லை, அயலவரோடு அமர்ந்திருக்கப் போனேன் என்பதே என் பதில். நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் மதீனாப் பள்ளிவாசலிலேயே தமது வணக்கத்தை நிறைவேற்ற நபி (ஸல்) அவர்கள் இடமளித்ததாக ஸீறா நூல்கள் கூறுகின்றன. கலீபா உமர் (ரழி) ஜெரூசலத்தின் பெரிய தேவாலயத்தினுள் தொழ மறுத்ததும் வெறுப்பினாலன்று. தாம் தொழுத இடமென்று பிற்காலத்தார் அதைப் பறித்துவிடுவர் என அஞ்சியே அவர் வெளியே தொழுததாகச் சொல்லப்படுகிறது.

ஆராதனை முடிந்ததும் தேநீரும் கேக்கும் தந்தார்கள். யாரும் எனக்குப் போதிக்க வரவில்லை. ஒரு முதியவர் மட்டும் நெல் விலையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

திரும்பும் வழியில் ஒரு கேள்வி உறுத்தியது. அதே அம்மையார் ஒரு வெள்ளிக்கிழமை நம் பள்ளிவாசல் வாசலில் வந்து நின்றால், யார் எழுந்து போய் 'உள்ளே வந்து இருங்க' என்பார்? 'பெண்களுக்கு இடமில்லை', 'இன்று வேண்டாம்', 'தலைவரிடம் கேட்க வேண்டும்' என்றுதான் பதில் வரும். நம்மை நம்பவில்லை என்று பிறர்மீது குறைபடும் நாம், அவர்கள் வந்து பார்க்க எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்?

வருடத்தில் ஒரு நாளாவது அயலவரைக் குடும்பத்தோடு பள்ளிவாசலுக்கு அழைக்க வேண்டுமென்று எங்கள் மஹல்லாவின் நம்பிக்கையாளர் சபையிடம் கேட்டேன். "பார்ப்போம் காக்கா" என்றார்கள். பிறகு கொரோனா வந்தது. எல்லாக் கதவுகளும் மூடின. கதவுகள் திறந்து ஆண்டுகள் கழிந்தும் அந்தப் 'பார்ப்போம்' அப்படியே இருக்கிறது. இந்த ரமழானுக்கு முன் மறுபடியும் போய்க் கேட்கவிருக்கிறேன்.