தண்ணீரை முதலில் எழுதுங்கள்

ஆனி மாதம் பிறந்ததும் கண்டி மாநகரில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் ஒரு பேச்சு எழுகின்றது. "இவ்வருடமாவது உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போவோமா?" என்பதே அது. பெரியப்பா சம்மதிப்பார்; சின்னம்மா தமக்கு ஒரு நேர்த்திக்கடன் உண்டென்பார்; கொழும்பிலுள்ள மைத்துனர் தம் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும்படி தொலைபேசியிற் சொல்வார். ஒரு கிழமைக்குள் நால்வர் கூட்டம் பதினால்வர் கூட்டமாகிவிடும். வெளியிலோ தென்மேல் பருவக்காற்றின் தூறல் ஓய்ந்தபாடில்லை. குடை காயாத ஒரு பருவத்திலேதான், நீரற்ற நிலத்தில் ஐந்து நாள் நடப்பதைப் பற்றி நாம் திட்டமிடுகின்றோம். நனைந்த குடையைக் கையில் வைத்துக்கொண்டு தாகத்தை எண்ணிப் பார்ப்பது எளிதன்று. முதலாவது இடர்ப்பாடு இங்கேயே தொடங்குகின்றது.

நமது தீவிலே மணற்பாலைவனம் இல்லை. ஆயினும், கண்டியில் மழையைப் பொழியும் அதே காற்று, மலைகளைக் கடந்து கிழக்கே இறங்கும்போது ஈரத்தை இழந்து, வெப்பக் காற்றாகிச் சமவெளியை வாட்டுகின்றது. கிழக்கிலங்கை மக்கள் அதனைக் கச்சான் என்பர். அப்பகுதிக்குப் பெருமழை கிடைப்பது ஐப்பசி முதல் தை வரையிலுமே. ஆடி மாதத்தில் அங்கே குளங்கள் வற்றிச் சேறு வெடித்திருக்கும். ஆறுகள் மணலுக்குள் ஒளிந்திருக்கும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவத்தை அடைகின்றன என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்திற் கூறியதை மாணவர்கள் படித்திருப்பார்கள். அதன் பொருளைக் கண்ணாற் காண விரும்புவோர், மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுகளைக் கடந்து, பிபிலை, மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்கு ஒருமுறை போய்வந்தாற் போதும். காலையிற் குறிஞ்சியில் ஏறியவர் மாலையிற் பாலையில் இறங்குவார்.

பொத்துவிலுக்குத் தெற்கே பாணமை. அதற்கும் அப்பால் கடலோரத்தில் உகந்தைமலை முருகன் ஆலயம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்துவரும் அடியார்களும், நம்மைப்போல் உகந்தைக்கு வாகனத்தில் வந்து சேருவோரும் இவ்விடத்தில் ஒன்றுகூடுகின்றனர். இங்கிருந்து கதிர்காமம் சுமார் 80 கிலோமீற்றர். வழி முழுவதும் வனம். முன்னர் யால கிழக்கு எனப்பட்டு, 2006 இல் குமண என்று பெயர்பெற்ற தேசிய பூங்கா முதலில் வரும். கும்புக்கன் ஆற்றைக் கடந்தால் யால வனம். கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மாத்திரமே இப்பாதை யாத்திரிகர்களுக்குத் திறக்கப்படும். திறக்கும் நாள் ஆண்டுதோறும் மாறுமாதலின், அதனை அறிந்த பின்னரே அலுவலகத்தில் விடுமுறைக்கு எழுதுதல் நன்று. வாயிலிலே பெயர் பதிவு உண்டு. அடையாள அட்டையை மறவாதீர்கள்.

பயணத்துக்குத் திட்டமிட அமரும் குடும்பங்கள் முதலில் எழுதுவது எதனை? பெரும்பாலும் உணவுப் பட்டியலையே. அரிசி இத்தனை கிலோ, பருப்பு இத்தனை கிலோ என்று எழுதிப் பக்கம் நிறைந்தபின், ஈற்றில் "தண்ணீர்" என்று ஒரு சொல் இடப்படும். இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றவேண்டும் என்பதே இவ்வாரம் யான் சொல்லவந்தது.

கணக்கைப் பாருங்கள். வெயிலிற் சுமையோடு நடக்கும் ஒருவருக்குக் குடிப்பதற்கும் சமையலுக்குமாக நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் தண்ணீராவது தேவை. பதினால்வருக்கு எழுபது லீற்றர். அதன் நிறை எழுபது கிலோ. அரிசியோ, ஆளுக்கு முந்நூறு கிராம் வீதம் ஐந்து நாளைக்கும் சேர்த்து இருபத்தொரு கிலோவே. ஒருநாள் தண்ணீரின் நிறை ஐந்து நாள் அரிசியின் நிறையைப்போல் மூன்று மடங்குக்கு மேல்! பதினால்வரிற் குழந்தைகளையும் முதியோரையும் நீக்கினால் சுமக்கத்தக்கவர் ஒன்பதின்மர் என்று கொள்வோம். அவர்கள் தலைக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோ தண்ணீரே சுமக்க நேரும். அதன்மேல் அரிசி, பாத்திரம், படங்கு, போர்வை. ஐந்து நாள் தண்ணீரைச் சுமந்து செல்லுதல் ஆகாத காரியம் என்பது இப்போது விளங்கும். ஆகவே, எந்த இடத்தில் நீர் கிடைக்கும், அடுத்த நீர்நிலைக்கு எத்தனை மணி நடை, அதுவரைக்கும் எவ்வளவு, தவறினால் மேலதிகமாக எவ்வளவு என்று நீரை அளவுகோலாக வைத்தே நாட்களைப் பிரிக்கவேண்டும். மேல்வகுப்பு மாணவர்கள் இக்கணக்கைத் தம் குடும்பத்துக்கு ஏற்பப் போட்டுப் பார்ப்பார்களாக.

அண்மைக் காலத்திற் படையினரும் தொண்டர்களும் வழியிற் சில இடங்களில் தாங்கிகளில் நீர் வைக்கின்றனர், போற்றத்தக்க பணி. ஆனால் பிறர் தருவதை நம்பி வெறுங்கானுடன் புறப்படுதல் கூடாது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்த நீரைத் துணியில் வடித்து, நன்றாகக் கொதிக்கவைத்தே பருகவேண்டும். பிரித்தானியர் ஆட்சியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கதிர்காம யாத்திரை கொலரா நோய்க்கு அஞ்சி அரசாங்கத்தாற் கட்டுப்படுத்தப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. அன்று அடியார்களை அச்சுறுத்தியது புலியோ யானையோ மட்டுமன்று. ஒரு குவளை அசுத்த நீரும் அச்சுறுத்தியது.

வெறும் நீரும் போதாது. வியர்வையோடு உப்பும் வெளியேறுகின்றது. மருந்துக்கடைகளில் விற்கும் ஜீவனிப் பொதிகள் தலைக்கு நான்காவது எடுத்துச்செல்லுங்கள். அது தீர்ந்தால், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் சமமட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துப் பருகலாம். நடப்பவர் ஒருவர் பேச்சுத் தடுமாறினாலோ, உடல் நெருப்பாய்க் கொதித்தாலோ, அதனைக் களைப்பென்று எண்ணி மேலும் நடத்திச்செல்வது உயிருக்கே ஆபத்தாகும். உடனே நிழலிற் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடலை நனைத்து விசிறவேண்டும். அதே வேளையில் உதவிக்கு ஆள் அனுப்பவேண்டும். உணவைப் பொறுத்தவரை, அவல், வறுத்த பயற்றமா, பனங்கட்டி, தேசிக்காய் ஆகியன சமைக்க நீர் கேளாதவை. பகலுணவை இவற்றோடு நிறுத்தி, இரவில் மட்டும் உலை வைப்பது சிக்கனம்.

எந்த வேளையில் நடப்பது? கோவலன் கண்ணகியையும் கவுந்தியடிகளையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குச் சென்ற வழிநடையை நினைவுகூருங்கள். தொடக்கத்தில் அவர்கள் நாளொன்றுக்கு ஒரு காவதத்துக்கு மேல் நடக்கவில்லை. பின்னர் வெயிலின் கொடுமையைக் கண்ணகியின் அடிகள் பொறா என்று கண்டு, பாண்டி நாட்டில் விலங்குகளால் இடர் இல்லையென்ற துணிவினால், நிலவில் நடந்தனர். முதற்பகுதி நமக்கு நல்ல பாடம். இரண்டாவது பகுதி இவ்வனத்துக்குப் பொருந்தாது. இங்கே இரவு யானைக்கும் சிறுத்தைக்கும் கரடிக்கும் உரியது. விடிந்து வழி தெரிந்ததும் புறப்பட்டு, ஒன்பதரை மணிக்குள் முதல் நடையை முடித்து, மரநிழலிற் படுத்திருந்து, மூன்று மணிக்குப்பின் மீண்டும் நடந்து, பொழுது சாயுமுன் தங்குமிடத்தைச் சேர்வதே முறை.

ஆடி மாதத்திலே அங்கு பாலைப்பழம் பழுக்கும் காலம். நமக்கு மிக இனியது. கரடிக்கு அதனினும் இனியது. ஆகவே பாலைமரத்தடியிற் பிள்ளைகளைத் தனியே விடுதல் தகாது. கும்புக்கன் ஆற்றுக் கரையில் மருதமரங்கள் குளிர்ந்த நிழல் தரும். மடுக்களில் முதலை இருக்கும். இரவிற் படுக்கும் இடம் யானைத்தடத்திலோ நீருக்குச் செல்லும் வழியிலோ இருத்தல் கூடாது. நடுவிற் குழந்தைகளும் முதியோரும், சுற்றிலும் பெரியவர்களுமாகப் படுத்து, உணவுப் பொதிகளைத் தலைமாட்டில் வையாது, இருவர் இருவராக மாறிமாறி விழித்திருங்கள். எடுத்துச்சென்ற பொலித்தீன் ஒன்றுகூட வனத்தில் தங்கலாகாது. நாம் சில நாள் விருந்தாளிகள். வீட்டுக்காரர் அங்கேயே வாழ்பவர்.

இவை யாவும் பொருள்களைப் பற்றிய திட்டம். மனிதரைப் பற்றிய திட்டமே கடினமானது. எனக்குத் தெரிந்த கண்டிக் குடும்பம் ஒன்று சென்ற ஆண்டு இவ்யாத்திரைக்கு ஆயத்தம் செய்தபோது யானும் உடனிருந்தேன். வயதில் மூத்தவர் பெரிய மாமா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆனால் அவ்வழியை மூன்றுமுறை நடந்தறிந்தவர் அவருடைய மருமகனாகிய இளைஞர் ஒருவரே. யார் சொல்லை யார் கேட்பது? ஒருவரும் வாய்திறவாதிருக்க, வீட்டு மூத்த மருமகள் துணிந்து சொன்னார்:

"மாமா, உகந்தைக் கோயில் வாசல் வரைக்கும் உங்கள் சொல்லே எங்களுக்குச் சட்டம். காட்டுக்குள்ளே தம்பி 'உட்காருங்கள்' என்றால் நீங்களும் உட்காரவேண்டும்."

"நான் காது முறுக்கிய பயல் என்னை உட்காரச் சொல்வானா?" என்று அவர் சிரித்தார். சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "சரி, அவன் முன்னே நடக்கட்டும். நான் எல்லாருக்கும் பின்னே வருகிறேன். பின்தங்கியவரை விட்டுவிடாமல் கூட்டிவர ஒருவர் வேண்டுமல்லவா?" என்றார். முதன்மையை விட்டுக்கொடுத்தார், பொறுப்பை விட்டுக்கொடுக்கவில்லை. கூட்டுக் குடும்பத்தில் இதற்கு மேலான தலைமை யாது?

அதனினும் பெரிய கேள்வி அவ்வீட்டு ஆச்சியைப் பற்றியது. அவருக்கு வயது எழுபத்துமூன்று. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர். நேர்த்திக்கடன் வைத்தவரும் அவரே. "ஆச்சியை விட்டுப் போவது பாவம்" என்றனர் சிலர். "கூட்டிப்போவது அதனினும் பாவம்" என்றனர் வேறு சிலர். ஒரு மணிநேரம் விவாதம் நடந்தது. அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி கூடத்துக்கு வந்தார்.

"தூக்கிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று நீங்களே தீர்க்கிறீர்கள். என் கால் எவ்வளவு தூரம் வரும் என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லையே? கண்டி வாவியை ஒருதரம் சுற்றுவேன். இரண்டாந்தரம் சுற்றமாட்டேன். நேர்த்தி முருகனுக்கு, அவனுக்கு என் கால் தெரியும். உகந்தையிற் கும்பிட்டு உங்களை அனுப்பிவிட்டு, வானில் மொனராகலை, புத்தள வழியாகச் சுற்றிப்போய் மாணிக்க கங்கைக் கரையில் இருப்பேன். வந்து சேர்ந்ததும் உங்களுக்குச் சோறு வேண்டாமா?"

எல்லாரும் மகிழ்ந்தனர். ஆனால் ஆச்சியோடு வானிற் போவது யார்? அந்தக் கேள்விக்கு மகிழ்ச்சி அடங்கிற்று. இரண்டாண்டாக இந்நடையையே எண்ணி, வாவிக்கரையில் நாள்தோறும் நடந்து பழகியிருந்தவர் மூத்த மகன். அவரே, "அம்மாவோடு நான் போகிறேன்" என்றார். ஆச்சி மறுத்துப் பார்த்தார், மகன் இசையவில்லை. வேறொருவர் பெயரும் அன்று முன்வரவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். எத்தகைய குடும்பத் திட்டத்திலும் எவரோ ஒருவர் எதனையோ இழக்கின்றார். அந்த இழப்பு எப்போதும் ஒரே தோளில் விழாதபடி பார்த்துக்கொள்வதும் திட்டத்தின் பகுதியே.

இறுதியாக ஒன்று. திரும்பும் முடிவை வீட்டிலேயே எழுதிவையுங்கள். கும்புக்கன் ஆற்றைக் கடக்குமுன் ஒவ்வொருவருடைய பாதத்தையும் தலைவர் பார்க்கட்டும். காய்ச்சலுடையவர், கால் கொப்பளித்தவர், தலைசுற்றல் கண்டவர் ஒரு துணையோடு அங்கிருந்தே திரும்பவேண்டும். ஆற்றுக்கு அப்பாலே திரும்புதல் எளிதன்று. இதனை முன்னரே உடன்பட்டிருந்தால், அவ்வேளையில் எவருக்கும் அது தோல்வியாகத் தோன்றாது.

பயிற்சிக்குக் கண்டியில் இடத்துக்குக் குறைவில்லை. பழகிய சப்பாத்தை அணிந்து, தண்ணீர்க் கானைச் சுமந்து, வாவியை நான்குமுறை சுற்றுங்கள். ஹந்தானை மலையில் ஏறி இறங்குங்கள். ஆனால் நம் நகரத்துக் குளிர்ச்சி வெயிலைக் கற்பிக்காது. ஆதலின் ஒரு ஞாயிறன்று குடும்பத்தோடு மகியங்கனைக்கு இறங்கி, முற்பகல் வெயிலில் இரண்டுமணி நேரம் நடந்து பாருங்கள். யார் எவ்வளவு நீர் அருந்தினார், யார் முதலில் அமர்ந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் அமர்ந்தவருடைய நடையே உங்கள் குடும்பத்தின் நடை. அதனைக் கொண்டே ஐந்து நாளையும் வகுத்து, தாளின் முதல் வரியிலே தண்ணீரை எழுதுங்கள்.