முகாம் பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பு

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு உயிர் ஒன்றே மிச்சமாகப் படகேறி மண்டபம் கரையில் வந்து இறங்கிய ஈழத் தமிழரின் பேரப்பிள்ளைகள் இன்று நம்முடைய கல்லூரிகளில் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும், கடையநல்லூரை அடுத்த போகநல்லூரிலேயே அவர்களுக்கு ஒரு முகாம் இருக்கிறது என்பதும் சங்கரன்கோவில்காரர்களில் பலருக்குத் தெரியாத சங்கதியல்ல; தெரிந்தும், ‘சிலோன் கேம்ப்’ என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு அப்பால் போவதே நமக்குப் பழக்கமாகிவிட்டது.

தமிழ்நாட்டு அரசாங்கம் சும்மா இருந்துவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டங்களை அறிவித்து, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதென்றும், குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் என்றும் நிர்ணயித்து, ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரையும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் வருவாய் ஆய்வாளர் பெயர் கூப்பிடும் நாளில் வரிசையில் நின்று ஆஜர் கொடுத்து வளர்ந்த ஒரு பிள்ளை, பொறியியல் பட்டம் பெற்ற பின்னும் அரசு உத்தியோகத்துக்கு மனுப் போட வழியின்றி, வாளியும் தூரிகையுமாகப் பெயிண்டிங் வேலைக்குப் புறப்படும்போது, தான் இந்த ஊரில் உபகாரம் பெறுவதற்காக மட்டுமே இருப்பவன் என்ற எண்ணம் அவன் மனத்தில் வேரூன்றிவிடுகிறதே, அதற்கு எந்த உதவித்தொகையும் பரிகாரமாகாது.

பரிகாரம் என்னவென்பதை முகாம்வாசிகளே ஒரு சமயம் நமக்குக் காட்டியிருக்கிறார்கள். ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் புதல்வர் சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமில் படித்த இளைஞர்களைக் கொண்டே முகாமின் சிறுவர்களுக்கு மாலை வகுப்புகளை நடத்தியது; 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை நம் கடற்கரையை வாரிக்கொண்டு போனபோது, வீடு வாசலை இழப்பதென்றால் என்னவென்று புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லாத அந்த முகாம்வாசிகள், தமிழ்நாட்டு மீனவர்களுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டுப் போனார்கள். அகதி என்று நாம் சொல்லும் மனிதன் நமக்கு ஆறுதல் சொல்ல வந்து நின்றான். அதைவிடப் பெரிய உறவு முறை எது?

முதலில் பிரஜா உரிமை கிடைக்கட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. உரிமை வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2025இல் மத்திய அரசு பிறப்பித்த உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களைத் தண்டனைக்கு ஆளாக்காமல் விட்டதே தவிர, பிரஜைகளாக்கவில்லை. ஆனால் டில்லி மனம் இரங்கும் வரையில் ஒரு தலைமுறையின் யௌவனத்தைக் காத்திருக்கச் சொல்ல நமக்கு என்ன அதிகாரம்?

அன்று அவர்கள் தாமாகவே ஏற்ற தொண்டுப் பொறுப்பை இன்று நாமே அவர்களுக்குக் கொடுக்கலாம். நம் சங்கரன்கோவிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கூடுகிற ஜனசமுத்திரத்துக்கு எத்தனை தொண்டர் இருந்தாலும் போதுவதில்லை. அதில் முகாம் பிள்ளைகளைச் சேர்ப்பதென்றால், தண்ணீர்ப் பந்தலில் தம்ளர் நீட்டும் வேலையை மட்டும் அவர்களுக்கு விட்டுவிட்டு, பந்தலை எங்கே போடுவது, நன்கொடை யாரிடம் கேட்பது, கணக்குப் புத்தகம் யார் கையில் இருப்பது என்பவற்றையெல்லாம் நாமே வைத்துக்கொள்வதாக இருக்கக்கூடாது. ஒரு பந்தலை முழுக்க அவர்கள் பொறுப்பில் விட்டு, உள்ளூர்ப் பிள்ளைகள் அவர்கள் சொல்படி நடக்கட்டுமே! தவறு நேர்ந்தால் நேரட்டும். நம் கமிட்டிகளில் நேராத தவறா? ரத்ததானமும் குளத்துச் சீமைக் கருவேலம் அகற்றுவதும் நூலக வாசகர் வட்டமும் அப்படியே.

முகாமை விட்டு வெளியூரில் தங்க அதிகாரிகளின் அனுமதி வேண்டியிருப்பதால், தொண்டுக்கு வரும் இளைஞர் அலுவலகப் படியேறி அலையாதபடி மாவட்ட ஆட்சியர் முன்கூட்டியே உத்தரவிட வேண்டும். ஊர்ப் பெரியவர்களும் வியாபாரிகள் சங்கத்தாரும் விசைத்தறி முதலாளிகளும், அடுத்த தபசுக்குக் கமிட்டி கூட்டும்போது, போகநல்லூருக்கு ஒரு கடிதம் எழுதி, இரண்டு பேரை அங்கத்தினராக அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.