25 டொலர் துணியும் அம்மாவின் வாளியும்

போன மாதம் மார்க்கம் வீதி அப்பார்ட்மென்ட் ஒன்றில் இருக்கிற ஒரு அன்ரி வீட்டுக்குப் போனேன். பிறந்தநாள் என்று நினைத்துக் கேக்கும் வாங்கிக்கொண்டு போனால், அங்கே நடந்தது துணி விற்பனை. ஹோல் முழுக்க அன்ரிமார். நடுவில் ஒருவர் கண்ணாடி மேசையில் பட்டரைப் பூசினார். பிறகு தண்ணீரில் நனைத்த துணியால் ஒரே இழுவையில் துடைத்தார். மேசை பளிச்சென்றது. "சோப்பும் இல்லை, ஸ்பிரேயும் இல்லை, ஒரு சொட்டு கெமிக்கலும் இல்லை" என்றார். ஒரு துணி 25 டொலர். நான் இரண்டு வாங்கினேன். எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் செய்தவன் என்று இங்கே அடிக்கடி பீற்றிக்கொள்கிறவன் நான், அதனால் இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

வோபர்னில் எங்கள் வீட்டுக் குசினியில் வைத்து அம்மாவுக்குச் செய்து காட்டினேன். அம்மா துணியை விரலால் தேய்த்துப் பார்த்தா.

"இது வேலையில பாவிச்ச துணியெல்லோ. சிவப்பு ரொய்லெட்டுக்கு, நீலம் கண்ணாடிக்கு. நீ இதுக்குக் காசு குடுத்தனியோ?"

அம்மா பல வருஷம் டவுன்டவுன் ஒபிஸ் கட்டடங்களில் இரவு கிளீனிங் வேலை செய்தவ. உங்களில் பலருடைய அம்மா, அப்பா, அம்மம்மாவும் செய்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில் கிடைத்த வேலை அதுதான். நான் ஹோம்வேர்க் செய்யாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்த இரவுகளில், அம்மா யாரோ ஒருவரின் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தா. இதை எழுதுகிறதுக்கு அதுதான் காரணம், துணி இல்லை.

முதலில் துணிக்கு நியாயம் செய்வோம். அது வேலை செய்கிறது. மைக்ரோஃபைபர் என்பது பொதுவாக பொலியெஸ்டரும் பொலிஅமைட்டும் (நைலோன் குடும்பம்) சேர்ந்த நூல். 9,000 மீட்டர் நூல் 1 கிராம் நிறுத்தால் அதை 1 டெனியர் என்பார்கள். மைக்ரோஃபைபர் அதற்கும் மெல்லியது. துடைக்கிற துணிக்கு அந்த இழையையும் பிளந்துவிடுவார்கள். உருண்டையாக இருந்த நூல் தோடம்பழச் சுளை மாதிரிக் கூரான விளிம்புகளோடு பிரியும். அந்த இடுக்குகளுக்குள் தண்ணீரும் எண்ணெயும் தூசும் ஏறி உட்கார்ந்துவிடும். சாதாரண பருத்தித்துணி அழுக்கில் கொஞ்சத்தைத் தள்ளிக்கொண்டு மட்டும் போகும், இது தூக்கி எடுக்கும். பட்டர் வித்தையில் ஏமாற்று இல்லை.

"கெமிக்கல் இல்லை" என்பதுதான் பிரச்சினை. பொலியெஸ்டரே பெற்றோலியத்தில் இருந்து வருகிறது. தண்ணீரும் ஒரு ரசாயனம்தான். சரி, நான் சொல்லுக்குச் சண்டை பிடிக்கவில்லை. அவர்கள் சொல்ல வருவது "போத்தல் தேவையில்லை" என்பது. அந்தப் பாதியை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

ஏனென்றால் போத்தல்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தவை நல்லவையாக இல்லை. நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,000க்கு மேற்பட்ட ஆட்களை 20 வருஷமளவு தொடர்ந்து பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். கிளீனிங் வேலை செய்த பெண்களுக்கும், வீட்டைத் துப்புரவு செய்த பெண்களுக்கும் நுரையீரலின் வலு மற்றப் பெண்களை விட வேகமாகக் குறைந்திருந்தது. ஆண்களில் அப்படித் தெரியவில்லை, ஆனால் அந்த ஆய்வில் கிளீனிங் செய்த ஆண்கள் குறைவு. (எங்கள் வீடுகளிலும் எண்ணிப் பார்த்தால் குறைவுதான்.) அந்த ஆய்வை நடத்தியவரே அப்போது சொன்னார், பெரும்பாலான தேவைக்கு மைக்ரோஃபைபர் துணியும் தண்ணீரும் காணும் என்று. 2020இல் கனடாவிலேயே இன்னொன்று வந்தது. ரொறன்ரோ உட்பட நான்கு இடங்களில் 2,000க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்த சைல்ட் ஆய்வு. பிறந்து சில மாதத்தில் வீட்டில் கிளீனிங் பொருட்கள் அடிக்கடி பாவிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று வயதில் ஆஸ்மா கூடுதலாக இருந்தது. ஸ்பிரேயும் வாசனை சேர்த்தவையும் கூடுதல் சந்தேகத்துக்கு உரியவை. இரண்டு ஆய்வும் தொடர்பைத்தான் காட்டின, இதுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஆனாலும் அம்மாவின் இருமலைச் சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தத் தொடர்பை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இங்கே கிளீனிங் போத்தலில் ஆபத்துக் குறி போட வேண்டும், ஆனால் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் பட்டியல் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அம்மா எதைச் சுவாசித்தா என்று அவவுக்கே தெரியாது.

இனி விற்பனையில் சொல்லாத பாதி. துணி கிருமியைக் கொல்லாது. தூக்கி எடுக்கும், அவ்வளவுதான். எடுத்த கிருமி துணிக்குள்ளே உயிரோடு இருக்கும். சில துணிகளில் வெள்ளி சேர்த்திருப்பதாகச் சொல்வார்கள். அந்த வெள்ளி துணியைக் காப்பதற்கு, மேசையைச் சுத்திகரிக்க அல்ல. அமெரிக்கச் சட்டமும் அப்படிப்பட்ட பொருட்கள் அந்தப் பொருளைக் காப்பதாக மட்டும்தான் சொல்லிக்கொள்ளலாம் என்கிறது. அதனால் கோழி வெட்டிய பலகையை 25 டொலர் துணியால் துடைத்துவிட்டு அதே துணியால் சாப்பாட்டு மேசையைத் துடைத்தால், கோழியின் கிருமியை நீங்களே பரிமாறுகிறீர்கள். கோழிக்குச் சவர்க்காரமும் சுடுதண்ணீரும் வேண்டும். வீட்டில் ஒருவருக்கு வாந்தி, வயிற்றோட்டம் என்றால் கிருமிநாசினி வேண்டும். அதற்கு ஒரு போத்தல் வீட்டில் இருக்கட்டும். பிளீச்சோடு வினிகரையோ அமோனியா உள்ள கண்ணாடி ஸ்பிரேயையோ மட்டும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். "இயற்கை" என்று சொல்லி வினிகரை எல்லாவற்றிலும் ஊற்றுகிற ஆட்கள்தான் இதில் மாட்டுப்படுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் துணி ஒவ்வொரு முறை வோஷிங் மெஷினுக்குள் போகும்போதும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளை உதிர்க்கும். ஸ்காபரோவின் கழிவுநீரில் பெரும்பகுதி ஹைலண்ட் கிறீக் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. அங்கே இழைகளில் பெரும்பங்கு பிடிபடும், எல்லாமே இல்லை. நாங்கள் குடிக்கிற தண்ணீரும் அந்த ஏரியில் இருந்துதான். ஒன்ராறியோவின் பாரி சவுண்ட் என்ற சின்ன ஊரில், ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜோர்ஜியன் பே ஃபொரெவர் அமைப்பும் சேர்ந்து 97 வீட்டு வோஷிங் மெஷின்களுக்கு வடிகட்டி பூட்டிப் பார்த்தார்கள். ஊரின் பத்தில் ஒரு பங்கு வீடுதான் அது. அதற்கே சுத்திகரித்து வெளியே விடுகிற தண்ணீரில் இழைகள் குறைந்தன. 2021இல் வெளிவந்த முடிவு. உடுப்போடு ஒப்பிட்டால் துடைக்கிற துணி சின்னப் பங்குதான். ஆனால் "பூமிக்கு நல்லது" என்று சொல்லி விற்றால் இதையும் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் கேட்டேன், ஊரில் எதால் துடைத்தனீங்கள் என்று. "பழைய சாரம்தான், வேறென்ன." அப்பப்பாவின் சாரம் கிழிந்தால் இரண்டாக வெட்டித் தலையணை உறை, அதுவும் நைந்தால் கைபிடித் துணி, கடைசியில் நிலம் துடைக்கிற சீலை. சட்டி மினுக்கத் தும்பும் சாம்பலும், பித்தளைக்குப் பழப்புளி. யாரும் அதற்குப் பார்ட்டி வைக்கவில்லை. நூறு தடவை தோய்த்த பருத்தி நல்லாகத் தண்ணீர் குடிக்கும். கண்ணாடியில் மட்டும் நூல் ஒட்டும், அங்கே மைக்ரோஃபைபர் வெல்கிறது. எனவே என் கட்சி இதுதான்: கண்ணாடிக்கும் ஸ்டீலுக்கும் இரண்டு மைக்ரோஃபைபர், மற்ற எல்லாத்துக்கும் கிழிந்த ரீஷேர்ட். மைக்ரோஃபைபரை வேறாகத் தோயுங்கள். ஃபப்ரிக் சொஃப்டனர் போட வேண்டாம், அது இடுக்குகளை அடைத்துவிடும். டொலர் கடைத் துணியும் பிளந்த இழையாக இருந்தால் போதும். உள்ளங்கையில் மெல்லிய கொக்கி மாதிரி ஒட்டினால் நல்ல துணி.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு அசௌகரியமான கேள்வி. உங்கள் வீட்டில் அந்தத் துணியைப் பிடிக்கிறது யார்? எங்கள் வீட்டில் 25 டொலர் துணியை வாங்கியது நான், செய்து காட்டியது நான், அடுத்த நாள் காலை அடுப்பைத் துடைத்தது அம்மா. நான் பக்கத்து அறையில் சூம் மீட்டிங்கில் இருந்தேன். இரவெல்லாம் மற்றவர்களின் ஒபிஸைத் துடைத்து என்னைப் படிக்க வைத்தவ, அறுபது வயதிலும் நான் சிந்திய கோப்பியைத் துடைக்கிறா. எந்தத் துணி என்பதை விட இது பெரிய விஷயம், ஆனால் இதைப் பற்றி யாரும் எங்கள் ஹோலில் கூட்டம் போடவில்லை.

இப்போது சனிக்கிழமையில் குசினியும் இரண்டு பாத்ரூமும் என் வேலை. முதல் வாரம் அம்மா பின்னால் நின்று பார்த்தா. நான் பாத்ரூம் சிங்கைத் துடைத்த துணியோடு குசினிக்குள் போனேன். அம்மா துணியைப் பறித்து வாளிக்குள் எறிந்துவிட்டு, "சிவப்பு எங்க, நீலம் எங்க? ஒபிஸில எண்டா உன்னை முதல் நாளே அனுப்பியிருப்பாங்கள்" என்றா.