முந்திரி இல்லாத முந்திரிக்கொத்து

பாறசாலையிலிருந்து வெள்ளறடை வழியாக அம்பூரிக்கு ஏறும் மலையோரப் பாதையில், பேக்கரி இல்லாத கடைத்தெருவைப் பார்ப்பது அரிது. கண்ணாடி அலமாரியில் பப்ஸுக்கும் கேக்குக்கும் பக்கத்திலேயே, பிளாஸ்டிக் உறைக்குள் முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் குழலப்பமும் இருக்கும். இரண்டு தலைமுறைக்கு முன் இவை கல்யாண வீட்டிலும் பண்டிகைக்கால அடுக்களையிலும் பிறந்த பலகாரங்கள். காசு கொடுத்து வாங்குவதில் கொஞ்சம் கௌரவக் குறைச்சல்கூட இருந்தது. இப்போது அதே வீடுகளில் கேட்கும் கேள்வி வேறு: "கடையில கிடைக்கிற மாதிரி வீட்டிலேயே செய்ய முடியுமா?" பாட்டியின் பலகாரத்துக்குக் கடைப் பொட்டலம் அளவுகோலாகிவிட்டது.

இந்தப் பகுதியின் சமையலறைக்கு மாநில எல்லை தெரியாது. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பள்ளிக்கூட மொழி பிரிந்தது, அரசு அலுவலகங்கள் பிரிந்தன. ஆனால் முந்திரிக்கொத்து இரு பக்கமும் அதே பெயரில், அதே ருசியில் நீடித்தது. மத்திய திருவிதாங்கூரிலிருந்து அம்பூரியில் வந்து குடியேறிய விவசாயக் குடும்பங்களின் அச்சப்பமும் குழலப்பமும் அதன் பக்கத்தில் இடம்பிடித்துக்கொண்டன.

பெயரைக் கேட்டு முந்திரிப்பருப்பைத் தேடினால் ஏமாற்றம்தான். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. மூன்று உருண்டைகள் ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்துபோல இருப்பதால் வந்த பெயர். உள்ளே இருப்பது சிறுபயறு.

அரைக் கிலோ சிறுபயறை வாசனை வரும்வரை வறுத்து, உடைத்து, தோலைப் புடைத்து நீக்கி, ரவைபோலப் பொடிக்க வேண்டும். ஒரு தேங்காயைத் துருவி, ஈரம் முழுக்கப் போய்ச் சிவக்கும்வரை எண்ணெய் விடாமல் வறுக்க வேண்டும். ஏறக்குறைய பயறின் எடைக்கு வெல்லமோ கருப்பட்டியோ எடுத்து, வடிகட்டி, கம்பிப் பதத்தில் பாகு காய்ச்சி, ஏலமும் சுக்கும் எள்ளும் சேர்த்துக் கிளறி, சூடு ஆறுவதற்குள் சிறு உருண்டைகளாகப் பிடிக்க வேண்டும். ஓர் இரவு அவை காயட்டும். மறுநாள் பச்சரிசி மாவில் உப்பும் சிட்டிகை மஞ்சளும் சேர்த்துத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து, உருண்டைகளை அதில் முக்கி, மும்மூன்றாகச் சேர்த்துத் தேங்காயெண்ணெயில் போட வேண்டும்.

ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. தேங்காயில் ஈரம் மிச்சமிருந்தால் நாலு நாளில் சிக்கு வாடை வரும். பாகு இளகினால் உருண்டை எண்ணெயில் பிரிந்துவிடும், முறுகினால் கல்லாகும். ஓர் இரவு காயாத உருண்டையில் மாவு ஒட்டாது. இரண்டு வாரம் கெடாமல் இருப்பது ஈரத்தை விரட்டுவதால்தான். குளிர்பதனப்பெட்டி இல்லாத காலத்தின் கணக்கு அது. கடைச் சரக்கைப் பார்த்துச் செய்பவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிட்டு மேல்தோலைப் பிடித்துக்கொள்கிறார்கள். மொறுமொறுப்புக்கு மைதா, பளிச்சென்ற நிறத்துக்குக் கூடுதல் மஞ்சள், சீக்கிரம் முடிய இளம்பாகு. தோற்றம் வந்துவிடும், ருசி வராது.

கடைச் சரக்கை வீட்டில் செய்ய நினைப்பதில் தப்பொன்றும் இல்லை. கேரளத்தின் பேக்கரித் தொழிலே அப்படியொரு முயற்சியிலிருந்து பெயர் பெற்றதுதான். 1883இல் அஞ்சரக்கண்டித் தோட்டக்காரர் மர்டாக் பிரௌன், இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக் ஒன்றைத் தலசேரி மாம்பள்ளி பாபுவிடம் காட்டி, இதுபோலச் செய்து தர முடியுமா என்று கேட்டார் என்பது அந்த ஊர் சொல்லும் வரலாறு. பிராந்திக்குப் பதிலாகப் பழங்களிலிருந்து வடித்த உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்தார் பாபு. துரைக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டாம் உலகப் போரில் அரிசி தட்டுப்பட்டபோது பெங்களூர் எம்.டி.ஆர். ரவையில் இட்லி அவித்ததாகச் சொல்லும் கதையும் இதே ரகம்தான். இருவரும் நகல் எடுக்கவில்லை. பண்டம் எதனால் நிற்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, கையில் கிடைத்ததை வைத்துச் செய்தார்கள்.

அப்படியானால் முந்திரிக்கொத்து ஏன் வீட்டை விட்டுப் போயிற்று? செய்முறை மறந்ததால் அல்ல. வறுக்க ஒருத்தி, இடிக்க ஒருத்தி, சூட்டோடு உருட்ட நாலு பேர், பொரிக்க ஒருத்தி என்று இரண்டு நாள் உழைப்பு அது. கூட்டுக்குடும்பமும் அக்கம்பக்கமும் இருந்தவரை நடந்தது. வீடுகள் சிறுத்து, பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும், ஏழு பேர் வேலை ஒருத்தியின் தலையில் விழுந்தது. அவள் கடைக்குப் போனதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. 'அம்மா கைப்பக்குவம்' என்று உருகிய யாரும் அந்தக் கைக்குக் கூலி கொடுத்ததில்லை.

1998இல் கேரள அரசு தொடங்கிய குடும்பஸ்ரீ இங்கேதான் முக்கியமாகிறது. அதன் பெண்கள் குழுக்கள் சிப்ஸ், ஊறுகாய், பலகாரங்களைச் செய்து சந்தைகளிலும் ஓணக் கண்காட்சிகளிலும் விற்கின்றன. கூட்டுக்குடும்பத்தில் கூடிய அதே கைகள் இங்கே மறுபடி கூடுகின்றன. இந்த முறை கணக்குப் புத்தகத்தோடு. அவர்களிடம் வாங்குவதும் வீட்டுச் சமையலைக் காப்பாற்றும் வழிதான்.

வீட்டிலேயே செய்துதான் பார்ப்பது என்று தீர்மானித்தால், வெல்லத்தின் எடையைக் கேட்பதற்கு முன் உட்கார எத்தனை பேர் என்று கேட்பது நல்லது. பாகு காய்ச்சுவதையும் எண்ணெய்ச் சட்டி முன் நிற்பதையும் வீட்டு ஆண்கள் ஏற்கலாம். சூடு பொறுக்கும் பதத்துக்கு வந்ததும் பிள்ளைகள் உருட்டலாம். முதல் ஈட்டில் சில உருண்டைகள் உடையும். உடைந்ததை அங்கேயே தின்றுவிடுவதும் இந்தப் பலகாரத்தின் பழைய முறைதான்.